உப்புக் கேட்ட உடம்பு: அல்டொஸ்ரெரோன் இல்லாமல் போன ஒரு வன்னி விவசாயி

நோயாளிக்கு வயது 46. முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்கிறவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். நீரிழிவு, ஆஸ்துமா, மூட்டுவலி என்று முன்பு எந்த நிரந்தர மருந்தும் எடுத்தவரில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இதை எழுதவேண்டும் என்று நினைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். உப்பைப் பிடித்துவைக்கிற அல்டொஸ்ரெரோன் என்ற ஓமோன் இல்லாத அவருடைய உடம்பு மாதக்கணக்காக உப்பு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது, அதைக் கேட்ட எல்லாரும் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

ஓகஸ்ட் மாதம், சிறுபோகம் வெட்டுகிற நேரம், கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து ஆளை வறுத்தெடுக்கிற காலம். இரண்டு நாளாகச் சத்தியும் வயிற்றோட்டமும் இருந்திருக்கிறது, மூன்றாம் நாள் வரம்பிலேயே விழுந்துவிட்டார். 1990 அவசர இலக்க அம்புலன்ஸில் கொண்டுவந்தபோது படுத்த நிலையில் குருதி அமுக்கம் 86/54, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 116, காய்ச்சல் இல்லை, விரல் நுனியில் குத்திப் பார்த்த சீனி 62. கூப்பிட்டால் கண் திறப்பார், பதில் சொல்வார், ஆனால் ஒரு வசனத்தை முடிக்கமாட்டார்.

இந்தக் காலத்தில் இப்படி ஒரு விவசாயி வந்தால் வன்னியில் வேலை செய்கிற எவருக்கும் மனதில் வருவது வெயில், எலிக்காய்ச்சல், சிறுநீரகம் இந்த மூன்றும்தான். அதில் பிழை இல்லை. சேற்றில் நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வருகிறது, வவுனியா மாவட்டத்திலும் அதற்குத் தெற்கே வடமத்திய மாகாணத்திலும் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பல குடும்பங்களை உலுக்கியிருக்கிறது. இவருடைய கிளினிக் கொப்பியிலும் அதுதான் எழுதியிருந்தது. சில மாதங்களுக்கு முன் களைப்பு என்று ஓரிடத்தில் காட்டியபோது இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவு) கொஞ்சம் கூட என்று கண்டு, சிறுநீரக நோய் தொடங்குகிறதோ என்ற சந்தேகத்தில் உப்பைக் குறையுங்கள், கருவாடு வேண்டாம், நல்ல தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே கொப்பியில் அன்றைய குருதி அமுக்கம் 98/60 என்று இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்த எவரும் நின்று யோசித்திருக்கவேண்டும். சிறுநீரக நோயில் வழக்கமாக அமுக்கம் ஏறும், அல்லது சாதாரணமாக இருக்கும், இப்படி இறங்கி நிற்காது.

மனைவியிடம் கேட்டபோதுதான் கதை முழுதாக வந்தது.

"இவர் ஒரு வருஷமா ஒரே களைப்பு எண்டு சொல்லிக்கொண்டுதான் திரிஞ்சவர், டொக்டர். படுக்கையால எழும்பினா கண் இருட்டும். மாங்காய் வெட்டி வைச்சா மாங்காயை விட்டுட்டு உப்பைத் தொட்டுத் தொட்டு நக்குவார். கஞ்சிக்குள்ள ஒரு கை கல்லுப்பு. பிறகு உப்பு கூடாது எண்டு சொன்னவை, நான் உப்புப் போத்தலை ஒளிச்சு வைச்சனான்."

"தண்ணி எங்க அம்மா எடுக்கிறனீங்கள்?"

"முந்தி எங்கட கிணறுதான், கொஞ்சம் உவர். கிட்னிக்குக் கூடாது எண்டு சொன்னதில இருந்து உப்பு வடிச்செடுத்த ஆர்.ஓ. தண்ணி வாங்கிறம்."

அவர் செய்த ஒவ்வொன்றும் கணவர் மேல் இருந்த அக்கறையில் செய்தது. கறியில் உப்புப் போனது, கருவாடு போனது, உவர்க் கிணற்றுத் தண்ணீர் வழியே கிடைத்த சோடியமும் போனது. அதுவரை அந்த மனிதர் தன்னைத் தானே உப்பால் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பதுதான் என் கணிப்பு. மூன்று வழியும் அடைபட்ட பிறகு வந்த ஒரு சாதாரண வயிற்றோட்டம் போதுமாக இருந்தது.

உடம்பைப் பார்த்தோம். வெயிலில் நிற்கிறவர் கறுப்பாகத்தானே இருப்பார் என்று யாரும் கடந்துபோகலாம், அதனால் வெயில் படாத இடத்தைப் பார்க்கவேண்டும். உள்ளங்கை ரேகைகள் மை பூசியது போல இருந்தன. பல் முரசில் நீலங்கலந்த கறுப்புத் திட்டுகள். இவர் வெற்றிலை போடுகிறவர் இல்லை, போடுகிறவராக இருந்தால் முரசை மட்டும் நம்பியிருக்கமாட்டேன். எல்லாவற்றையும் விடத் தெளிவாகப் பேசியவை இரண்டு தழும்புகள். இடது தோளில் 2009இல் ஷெல் துண்டு பட்ட பெரிய தழும்பு, அது வெளிறித்தான் இருந்தது. வலது முன்கையில் போன வருடம் முள்ளுக்கம்பி கிழித்த சின்னத் தழும்பு, அது கன்னங்கரேல். அதிரீனல் சுரப்பி அழிந்து அதன் ஓமோன்கள் இல்லாமல் போவதுதான் அடிசன் நோய்; அதில் நோய் தொடங்கிய பிறகு உண்டாகிற தழும்புதான் கறுக்கும், பழையது பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒரே உடம்பில் இரண்டு தழும்பும் இருந்ததால் நோய் 2009 காயத்துக்குப் பிறகு தொடங்கியது, போன வருடமே இருந்தது என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே சொல்லக்கூடியதாக இருந்தது.

கறுப்பதற்குக் காரணம் நேரடியானது. அதிரீனல் சுரப்பி கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்காதபோது மூளையடிச் சுரப்பி ஏ.சி.ரி.எச். என்ற ஓமோனை அளவுக்கு மீறி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஓமோன் தோலிலுள்ள நிறக்கலங்களின் ஏற்பியிலும் (ஓமோன் வந்து பொருந்துகிற இடம்) போய் ஒட்டிக்கொண்டு தோலைக் கறுக்கவைக்கும்.

இரத்த முடிவுகள் வந்தன. சோடியம் லீற்றருக்கு 116 மில்லிமோல், மிகக் குறைவு. பொற்றாசியம் 6.3, கிரியற்றினின் 172 மைக்ரோமோல், இரண்டும் கூட, யூரியாவும் கூட. ஈஓசினோஃபில் என்ற வெண்குருதிக் கலங்கள் கொஞ்சம் கூடியிருந்தன, கடும் நோயில் கிடக்கிறவருக்கு அவை குறைந்திருக்கவேண்டும். எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைப் பிடித்தால் பொற்றாசியம் பெரும்பாலும் சாதாரணமாகவோ குறைவாகவோதான் இருக்கும், வயிற்றோட்டத்திலும் அது குறையும். இங்கே இரண்டும் இருக்கக்கூடிய மனிதரில் பொற்றாசியம் மேலே நிற்கிறது. சிறுநீரில் சோடியம் எவ்வளவு என்று அனுப்பிப் பார்த்தோம், 74 மில்லிமோல். உடம்பில் உப்பும் இல்லை, நீரும் இல்லை, அமுக்கம் விழுந்துகிடக்கிறது, அப்படிப்பட்ட நேரத்தில் ஒழுங்கான சிறுநீரகம் ஒரு துளி சோடியத்தையும் வெளியே விடாது, 20க்குக் கீழே வந்திருக்கவேண்டும். இவருடையது உப்பை ஊற்றிக்கொண்டிருந்தது. பிடித்துவை என்று அதற்குச் சொல்ல ஆளில்லை.

அந்த ஆள்தான் அல்டொஸ்ரெரோன்

இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் ஒவ்வொரு அதிரீனல் சுரப்பி இருக்கிறது, ஒவ்வொன்றும் 4, 5 கிராம்தான். அதன் மேற்பட்டையில் ஆக வெளியே இருக்கிற மெல்லிய படை அல்டொஸ்ரெரோனைச் சுரக்கிறது, அதற்கு உள்ளே இருக்கிற படை கோட்டிசோலை.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு வடிக்கிற திரவம் ஏறத்தாழ 180 லீற்றர். அதனோடு சேர்ந்து வடிகிற சோடியத்தை உப்பாகக் கணக்குப் போட்டால் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். அதில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பவும் இரத்தத்துக்குள் எடுக்கப்பட்டுவிடுகிறது, பெரும்பகுதி அல்டொஸ்ரெரோன் இல்லாமலே. கடைசியாக, சிறுநீரகக் குழாயின் முடிவுப் பகுதியில் மிஞ்சி நிற்கிற இரண்டு மூன்று சதவீதம்தான் இந்த ஓமோனின் பொறுப்பு. இரண்டு சதவீதம்தானே என்று விடமுடியாது, ஒன்றரைக் கிலோவில் இரண்டு சதவீதம் 30 கிராம். ஒரு மனிதர் நாளொன்றுக்குச் சாப்பிடுகிற உப்பு பத்துக் கிராம் அளவில்தான் இருக்கிறது. ஓமோன் இல்லாவிட்டால் அந்த 30 கிராமும் போய்விடும் என்று இல்லை, ஒரு பகுதி போனாலே போதும், சாப்பாட்டால் ஈடுசெய்யமுடியாத இழப்பு நாளாந்தம் நடக்கத் தொடங்கிவிடும்.

அது வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்த நோயாளியின் ஒவ்வொரு எண்ணுக்கும் விளக்கம் அதற்குள் இருக்கிறது. நீரிழப்பாலோ இரத்த இழப்பாலோ சிறுநீரகத்துக்கு வருகிற இரத்தத்தின் அமுக்கம் குறைந்தால், அங்கேயுள்ள சில கலங்கள் ரெனின் என்ற நொதியத்தை விடும். ஈரலில் இருந்து வருகிற ஒரு புரதத்தை ரெனின் வெட்டும், வெட்டிய துண்டை நுரையீரலில் அதிகமாக உள்ள இன்னொரு நொதியம் திருத்தி அஞ்சியோதென்சின் இரண்டாக்கும். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதிரீனலின் வெளிப்படையைத் தட்டி எழுப்பி அல்டொஸ்ரெரோனையும் சுரக்கவைக்கும். அல்டொஸ்ரெரோன் சிறுநீரகக் குழாயின் கலத்துக்குள் போய், ஏற்பியோடு சேர்ந்து மரபணுவை இயக்கி, சோடியம் உள்ளே வருகிற கால்வாய்களையும் அதை இரத்தப் பக்கம் தள்ளுகிற பம்புகளையும் கூட்டும். மரபணு வழியாக நடக்கிற வேலை என்பதால் உடனே நடக்காது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். சோடியம் உள்ளே வரும்போது அதன் மின்னேற்றத்துக்கு ஈடாகப் பொற்றாசியம் வெளியே போகும், ஐதரசன் அயனும் போகும். நீர் சோடியத்துக்குப் பின்னால் வரும்.

பொற்றாசியம் இந்தச் சங்கிலிக்குள் இன்னொரு வாசலாலும் நுழைகிறது. இரத்தத்தில் பொற்றாசியம் சற்று ஏறினாலே, ரெனினைக் கேட்காமல், அதிரீனலின் வெளிப்படை நேராக அல்டொஸ்ரெரோனை விடும். ஆகவே இந்த ஓமோன் இல்லாதபோது சோடியம் வழிந்துபோவதும் பொற்றாசியம் தேங்குவதும் ஒன்றாகவே நடக்கும். சோடியம் 116, பொற்றாசியம் 6.3 என்ற சோடி எண் வந்தால், சிறுநீரகச் செயலிழப்பு என்று முத்திரை குத்துமுன் அதிரீனலை நினைக்கவேண்டும். இவருடைய கிரியற்றினின் ஏறியதும் சிறுநீரகம் கெட்டதால் இல்லை, போதிய இரத்தம் அங்கே போகாததால்.

வன்னிக்கு முக்கியமான இன்னொரு விஷயம் வியர்வை. அல்டொஸ்ரெரோன் வியர்வைச் சுரப்பிகளிலும் வேலை செய்கிறது. வெயிலுக்குப் பழகிய உடம்பு ஒன்றிரண்டு கிழமைக்குள் வியர்வையின் உப்பைக் குறைத்துக்கொள்வது இந்த ஓமோனின் உதவியால்தான். அது இல்லாதவர் வெயிலில் அருவி வெட்டினால் சிறுநீராலும் இழப்பார், தோலாலும் இழப்பார். குளிர்நாட்டில் இதே நோயோடு இன்னும் சில மாதம் நடமாடியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சிகிச்சை

கோட்டிசோல் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்துவைத்துவிட்டு, முடிவுக்காகக் காத்திராமல் ஹைட்ரோகோட்டிசோன் (மருந்தாக வருகிற கோட்டிசோல்) 100 மி.கி. நாளத்தில் கொடுத்தோம், முதல் மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் சேலைன், கூடவே குளுக்கோஸ். பிறகு ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 50 மி.கி. இப்படிச் சந்தேகம் வந்தால் ஊசியைப் போடுவதில் தயங்கக்கூடாது. ஒரு நாள் தேவையில்லாமல் போட்டால் பெரிய தீங்கில்லை, தேவையானவருக்குப் போடாவிட்டால் ஆள் இறந்துவிடுவார்.

ஈ.சி.ஜி.யில் ரீ அலைகள் கூராக நின்றன, கூடிய பொற்றாசியம் இதயத்தைத் தொடுகிறது என்பதற்கு அது அடையாளம், அதற்குக் கல்சியம் குளுக்கோனேற் கொடுத்தோம். பொற்றாசியத்தைக் குறைக்க வழமையாகப் போடுகிற இன்சுலினைப் போடவில்லை. கோட்டிசோல் இல்லாத உடம்பு சீனியைத் தாங்கிப்பிடிக்காது, 62இல் நிற்கிறவருக்கு இன்சுலின் போட்டால் எங்கே போய் நிற்கும் என்று சொல்லமுடியாது. சேலைனும் ஹைட்ரோகோட்டிசோனும் போகப் போகப் பொற்றாசியம் தானாக இறங்கியது.

அந்தக் கட்டத்தில் அல்டொஸ்ரெரோனுக்கு மாற்றான குளிசை தனியாகத் தேவைப்படவில்லை. கோட்டிசோலும் அல்டொஸ்ரெரோனின் அதே ஏற்பியில் பொருந்தக்கூடியது, இரத்தத்தில் அதைவிடப் பல நூறு மடங்கு கூடவும் இருக்கிறது. சாதாரண நேரத்தில் சிறுநீரகக் கலத்திலுள்ள ஒரு நொதியம் கோட்டிசோலைச் செயலிழக்கவைத்து ஏற்பியை அல்டொஸ்ரெரோனுக்கென்று காக்கிறது. ஒரு நாளைக்கு 200 மி.கி. ஹைட்ரோகோட்டிசோன் போகும்போது அந்த நொதியத்தால் சமாளிக்கமுடியாது, மருந்தே உப்பைப் பிடிக்கிற வேலையையும் செய்துவிடும். (அதிமதுரம் அந்த நொதியத்தைத்தான் முடக்குகிறது. இருமலுக்கு அதிமதுரத்தை நெடுநாள் கூடுதலாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பிரஷர் ஏறிப் பொற்றாசியம் இறங்குவது இதனால்தான்.)

ஆபத்து இருந்தது சோடியம் ஏறுகிற வேகத்தில். கோட்டிசோல் இல்லாதபோது நீரைப் பிடித்துவைக்கிற வசோபிரசின் ஓமோனும் கூடிநிற்கும், ஹைட்ரோகோட்டிசோன் போனதும் அது அடங்கி, பிடித்துவைத்த நீரெல்லாம் சிறுநீராக ஓடத் தொடங்கும். சோடியம் கிடுகிடுவென்று ஏறும், ஏறினால் மூளைத்தண்டின் நரம்புறைகள் சிதையலாம், அந்தப் பாதிப்பு நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். 24 மணித்தியாலத்தில் 8 மில்லிமோல், மிஞ்சினால் 10, அதற்கு மேல் விடக்கூடாது. எட்டாவது மணித்தியாலத்தில் சிறுநீர் கூடத் தொடங்கியதைத் தாதியர்தான் முதலில் கவனித்துச் சொன்னார்கள். சேலைனைக் குறைத்து 5 சதவீத டெக்ஸ்ரோஸுக்கு மாறினோம். அடுத்த நாள் காலை சோடியம் 124, நான்காம் நாள் 135, பொற்றாசியம் 4.4. ஐந்தாம் நாள் கிரியற்றினின் 84. சிறுநீரக நோய் என்று எழுதியிருந்த அந்தப் பக்கத்துக்கு மேலே அந்த எண்ணைப் பெரிதாக எழுதிவைத்தோம்.

எடுத்துவைத்த கோட்டிசோல் 58 நனோமோல் என்று வந்தது. அந்த அதிர்ச்சியில் கிடக்கிறவருக்கு 500ஐத் தாண்டியிருக்கவேண்டும். பிறகு ஊசி போட்டு அதிரீனலைத் தூண்டிப் பார்த்தும் அந்த அளவு அசையவில்லை. ஐஸில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பிய மாதிரியில் ஏ.சி.ரி.எச். பல மடங்கு கூடியிருந்தது, ரெனினும் அப்படியே. ஏ.சி.ரி.எச். கூடியிருப்பதால் கோளாறு அதிரீனலிலேயே. இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் இங்கே நாங்கள் அதிகம் காண்பது மற்ற வகை. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்ரெரோயிட் குளிசையை மாதக்கணக்காக எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தி, மயங்கி வருகிறவர்கள். அவர்களுக்குக் கோட்டிசோல் இருக்காது, ஆனால் ரெனினின் தூண்டலில் ஓடுகிற அல்டொஸ்ரெரோன் சுகமாக இருக்கும். அதனால் பொற்றாசியம் ஏறாது, உப்புக்கும் இப்படி ஏங்கமாட்டார்கள், தோலும் கறுக்காது.

ஏன் வந்தது?

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி எடுத்த சீ.ரி. ஸ்கானில் இரண்டு அதிரீனலும் வீங்கியிருந்தன, இடதில் சுண்ணாம்புப் பொட்டுகள். நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது மேற்பகுதியில் பழைய தழும்பு. சளியில் கிருமி இல்லை, ஆனால் காசநோய்த் தொற்றைக் காட்டுகிற மன்ரூ தோல் பரிசோதனையில் 18 மில்லிமீற்றர் வீக்கம். 2009இல் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் இருந்தபோது, அதே கூடாரத்தில் படுத்த தகப்பனார் காசநோய்க்கு மருந்து எடுத்தவர் என்பதை மூன்றாவது தடவை கேட்டபோதுதான் சொன்னார். காசநோய்க் கிருமி உடம்புக்குள் போய் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, பிறகு அதிரீனலில் தலைகாட்டலாம். சுரப்பியின் பத்தில் ஒன்பது பங்கு அழியும் வரை அறிகுறி தெளிவாகத் தெரியாது. காசநோய் என்று எடுத்து ஆறு மாதச் சிகிச்சையைத் தொடங்கினோம்.

லண்டனில் தோமஸ் அடிசன் 1855இல் இந்த நோயை விவரித்தபோது காசநோய்தான் இதற்கு முக்கிய காரணம். பணக்கார நாடுகளில் இன்று உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான் பெரும்பான்மை. எங்களுக்குக் காசநோயை மறக்கிற வசதி இன்னும் வரவில்லை. அடிசனுக்குப் பிறகு எண்பது வருடத்துக்குக் கிட்ட இந்த நோய்க்கு மருந்தே இல்லை. 1930களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் ரொபேட் லோப் இவர்கள் சோடியத்தை இழக்கிறார்கள் என்று கண்டு, உப்பைக் கூட்டிக் கொடுத்தார், கொடுத்தவர்கள் தேறினார்கள். அல்டொஸ்ரெரோன் என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. அதைப் பிரித்தெடுத்தது 1953இல், லண்டனில் சில்வியா சிம்சனும் ஜேம்ஸ் ரெய்ற்றும் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து. லோப் கொடுத்த வைத்தியத்தைத்தான் எங்கள் நோயாளி மாங்காயோடும் கஞ்சியோடும் தனக்குத் தானே செய்துகொண்டிருந்தார். உப்பைக் குறை என்பது பிரஷர் கூடியவர்களுக்கு நல்ல அறிவுரை. 98/60இல் நின்று கண் இருட்டுகிறது என்று சொல்கிறவருக்கு அதைச் சொல்லுமுன், நிற்கவைத்து ஒருதடவை அமுக்கத்தைப் பார்க்கவேண்டும். அதற்கு மூன்று நிமிடமும் அமுக்கமானியும் போதும்.

வீட்டுக்குப் போன பிறகு

ஹைட்ரோகோட்டிசோன் காலை 10, மதியம் 5, பின்னேரம் 5 மி.கி., அல்டொஸ்ரெரோனுக்கு மாற்றான ஃபுளூட்ரோகோட்டிசோன் 100 மைக்ரோகிராம் என்று தொடங்கினோம். ஆனால் காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் ஈரலைத் தூண்டிக் கோட்டிசோலை வேகமாகக் கரைத்துவிடும், அதனால் காசநோய் மருந்து ஓடும் வரை ஹைட்ரோகோட்டிசோனை இரட்டிப்பாக்கினோம். இதைத் தெரியாமல் காசநோய் மருந்தை மட்டும் தொடங்கி, அதனாலேயே அதிரீனல் நெருக்கடிக்குள் தள்ளப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஹைட்ரோகோட்டிசோன் குளிசை கிடைக்காத நேரத்தில் பிரெட்னிசோலோன் எடுக்கலாம், ஆனால் அது உப்பைப் பிடிப்பது குறைவு, டெக்ஸாமெதசோன் பிடிக்கவே பிடிக்காது. ஆகவே எது மாறினாலும் ஃபுளூட்ரோகோட்டிசோன் நிற்கக்கூடாது.

மனைவிக்கும் மூத்த மகனுக்கும் தனியாக இருத்திச் சொன்னோம். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகோட்டிசோனை இரட்டிப்பாக்கவேண்டும், சத்தியெடுத்துக் குளிசை தங்காவிட்டால் காத்திருக்காமல் ஊசிக்கு வரவேண்டும். அவர்கள் இடத்தில் இருந்து இரவில் வாகனம் பிடிப்பது லேசில்லை, அதனால் ஊசி மருந்தையே வீட்டில் வைத்து, தொடையில் போடுவதற்கு மகனுக்குப் பழக்கினோம். என்ன நோய், என்ன ஊசி, எவ்வளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி உறையிட்ட அட்டை ஒன்று சட்டைப்பைக்குள் இருக்கும்.

உப்பில் கட்டுப்பாடு எதுவும் இல்லை. போத்தல் திரும்பவும் மேசைக்கு வந்துவிட்டது, கருவாடும். அருவி வெட்டு, சூடடிப்பு நாட்களில் உப்பைக் கூட்டவும், ஃபுளூட்ரோகோட்டிசோனை 150 ஆக்கவும் சொல்லியிருக்கிறோம். கால் வீங்கினாலோ அமுக்கம் ஏறினாலோ திரும்பக் குறைக்கவேண்டும். ஒவ்வொரு கிளினிக்கிலும் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அமுக்கம் பார்க்கிறோம், சோடியமும் பொற்றாசியமும் பார்க்கிறோம், உப்பு ஆசை எப்படி என்று மறக்காமல் கேட்கிறோம். ஆசை திரும்பிவந்தால் மருந்து போதவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக வந்தபோது எடை 7 கிலோ கூடியிருந்தது, நின்ற நிலையில் 118/74, உள்ளங்கை ரேகைகள் வெளிறத் தொடங்கியிருந்தன. காசநோய் மருந்து முடிந்து சில கிழமை கழித்து ஹைட்ரோகோட்டிசோனைப் பழைய அளவுக்கு இறக்குவோம். சுரப்பி திரும்ப வேலைசெய்வது அபூர்வம், அதனால் இரண்டு குளிசையும் ஆயுளுக்கும்தான்.